ஈரல் எண் ஏறியதற்கு இனிப்புநீர் மாத்திரைதான் காரணமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உட்லண்ட்ஸில் இருக்கும் ஒருவர் தம் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 58. ஒன்பது வருடமாக இனிப்புநீர். காலையும் மாலையும் மெட்ஃபார்மின், கூடவே கிளிப்பிசைடு. போன வருடம் எம்பாகிளிஃப்ளோசின் சேர்ந்தது. கொலஸ்டிராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின். பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்களான ஏஎல்டி 78, ஏஎஸ்டி 52 என்று ஏறி வந்திருக்கிறது. அதே பரிசோதனையின் மற்ற எண்களான பிலிருபின், அல்புமின், ஏஎல்பி மூன்றும் சரியாக இருக்கின்றன. "அடுத்த தடவை மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா "அந்தப் பெரிய மாத்திரைதான் ஈரலைத் தின்னுது" என்று சொல்ல, அப்பா மெட்ஃபார்மினை நிறுத்திப் பத்து நாளாகிறது. 7 மில்லிமோலில் நின்ற காலைச் சர்க்கரை இப்போது 12-ஐத் தாண்டுகிறது. கடைசி வரியில், போகிற போக்கில், ஊரிலிருந்து வந்த ஒரு சூரணத்தை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் மருந்தாளர். சிங்கப்பூரில் மருந்து கொடுக்கும் முகப்பில் நின்றே பல வருடம் போயிருக்கிறது. இந்தக் கேள்வியை எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன, பெரும்பாலும் மாத்திரையை நிறுத்திய பிறகு.

பதில் இதுதான். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் மெட்ஃபார்மினை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை. நாளைக்கே மருந்தகத்தை அழைத்து, பத்து நாளாக நிறுத்தியிருக்கிறோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். சிறுநீரக எண் சரியாக இருந்தால் மறுபடி தொடங்கச் சொல்வார்கள் என்றே எதிர்பார்க்கிறேன். நிறுத்த வேண்டியது அந்தச் சூரணம். ஈரலைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் சித்தப்பா காட்டிய திசையில் தேடினால் காரணம் கிடைக்காது.

எண்களிலிருந்து தொடங்குவோம். ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் ஈரல் செல்லுக்குள் வேலை செய்யும் நொதிகள். ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் அதில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்று போட்டிருப்பார்கள், அதே இரண்டுதான். செல் அடிபட்டால் அவை ரத்தத்தில் கசியும். எங்கோ செல்கள் அடிபடுகின்றன என்பதற்கு மேல் இந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. ஈரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்பவை வேறு: அல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம். அப்பாவுக்கு அல்புமினும் பிலிருபினும் நன்றாக இருப்பதால் ஈரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து, எண் ஏறினால் ஈரல் செயலிழக்கிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள்.

ஏஎஸ்டி ஈரலில் மட்டும் இருப்பதில்லை. தசையிலும் உண்டு. ஏஎல்டிகூடக் கொஞ்சம் தசையிலிருந்து வரும். பரிசோதனைக்கு முதல் நாள் வீடு மாற்றி அலமாரி தூக்கியவருக்கும், உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாக எடை தூக்கத் தொடங்கியவருக்கும் இரண்டும் ஏறும். அதனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். "மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றது அலட்சியம் இல்லை.

அடுத்தது மெட்ஃபார்மின். இதன் பயணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நாம் விழுங்கும் பல மருந்துகளை ஈரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. மெட்ஃபார்மினை ஈரல் உடைப்பதே இல்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலுக்குப் போய், அங்கே இரவு முழுவதும் நடக்கும் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்துவிட்டு, உருமாறாமல் சிறுநீரில் போய்விடுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் மெட்ஃபார்மின் கொடுக்கும்போது ஈரலைவிடச் சிறுநீரகத்தையே கவனிக்கிறார்கள். சிறுநீரக வடிகட்டும் அளவு, அதாவது இஜிஎஃப்ஆர், 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். இது ஈரலைக் கெடுத்ததாக உலகம் முழுவதும் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடிய அபூர்வங்கள். அவையும் பெரும்பாலும் மருந்து தொடங்கிய சில வாரங்களில் வந்தவை. ஒன்பது வருடம் ஒழுங்காக இருந்த மாத்திரை திடீரென்று பத்தாவது வருடத்தில் ஈரலைத் தாக்கும் என்பது நடப்பதற்கு மிகவும் அரிது.

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஈரல் நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை இருக்கும். அதைப் படித்தவர்கள் மருந்து ஈரலைக் கெடுக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கையின் பொருள் வேறு. ஈரல் ஏற்கெனவே மோசமாகச் சுருங்கிப்போனவர்களுக்கும், அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கும் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர வாய்ப்பு உண்டு, அவர்களிடம் கவனம் தேவை என்பதுதான் அது.

2019 டிசம்பரில் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கே விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் மருந்துகளில் மூன்றைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். அதுவும் ஈரல் விவகாரம் இல்லை. என்டிஎம்ஏ என்ற மாசு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததுதான் காரணம். நீண்ட நாள் உட்கொண்டால் புற்றுநோய் வரலாம் என்ற முன்னெச்சரிக்கை. மற்ற 43 மருந்துகளையும் தொடரச் சொன்னார்கள். ஆனால் "மெட்ஃபார்மினில் விஷமாம்" என்ற பேச்சு மட்டும் கோப்பிக்கடைகளில் தங்கிவிட்டது. செய்தி ஒரு நாள் வாழ்ந்தால் வதந்தி பத்து வருடம் வாழ்கிறது.

இனிப்புநீர் மருந்து ஈரலைக் கெடுத்த கதையே கிடையாதா என்றால், உண்டு. டிரோகிளிட்டசோன் என்ற மருந்து 1997-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஈரல் செயலிழந்து உயிரிழப்புகள் நேர்ந்ததால் பிரிட்டனில் அதே வருடக் கடைசியிலும், அமெரிக்காவில் 2000 மார்ச்சிலும் விலக்கிக்கொண்டார்கள். இன்று யாருக்கும் அது கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பத்தைச் சேர்ந்த பயோகிளிட்டசோன் ஈரலில் படிந்த கொழுப்பையும் அழற்சியையும் குறைக்கிறது. உடம்பில் நீர் கோர்ப்பது, எடை கூடுவது, எலும்பு பலவீனமாவது போன்ற காரணங்களால்தான் அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

இப்போது புழக்கத்தில் இருப்பவற்றில் ஈரல் எண்ணைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து ஒன்று, வில்டாகிளிப்டின். தொடங்கும் முன்பும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனை செய்யச் சொல்கிறது அதன் குறிப்பு. ஏஎல்டி அல்லது ஏஎஸ்டி உச்ச வரம்பைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் தொடங்கவே மாட்டார்கள். சிட்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்ற அதன் உறவினர்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அகார்போஸ் அதிக அளவில் எடுத்தால் எண் ஏறலாம், நிறுத்தினால் இறங்கிவிடும். கிளிப்பிசைடு, கிளிக்லசைடு வகையில் ஈரல் பாதிப்பு அபூர்வம். அவற்றின் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: ஈரல் மிகவும் கெட்டுப்போனவருக்குச் சர்க்கரைக் கையிருப்பு குறைவாக இருக்கும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று விழுந்துவிடும். அப்பாவின் நிலை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் ஈரலுக்கு நல்லதையே செய்கின்றன. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளி எடையைக் கொஞ்சம் இறக்குவதால் ஏஎல்டி குறைவதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம்.

அட்டோர்வாஸ்டாட்டினையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பழி அதன் மேல்தான் விழும். ஸ்டாட்டின் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு ஏஎல்டி மூன்று மடங்குக்கு மேல் ஏறலாம். பெரும்பாலும் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ இறங்கிவிடும். உண்மையான ஈரல் சேதம் அவ்வளவு அரிது என்பதால், ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு அடிக்கடி ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற குறிப்பையே 2012-ல் அமெரிக்க மருந்து ஆணையம் எடுத்துவிட்டது. ஈரலில் கொழுப்பு இருப்பவர்கள் ஸ்டாட்டினை நிறுத்தினால் ஈரலுக்கு லாபம் இல்லை, மாரடைப்புக்குக் கதவு திறந்ததுதான் மிச்சம். கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரைப் பறிப்பவற்றில் முதலிடம் இதய நோய்க்குத்தான்.

சரி, மாத்திரை இல்லை என்றால் யார்? பெரும்பாலும் இனிப்புநீரேதான். இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. இன்சுலின் சொல்வதைக் கேட்காத உடம்பில், கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கட்டுப்பாடில்லாமல் ஈரலுக்கு வந்துகொண்டிருக்கும். மிஞ்சும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றும். கொழுப்பு நிரம்பிய ஈரல் இன்சுலினை இன்னும் குறைவாகக் கேட்கும். இரவில் இன்னும் அதிகச் சர்க்கரையை வெளியே விடும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் சர்க்கரை உயர்ந்திருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். அப்பா மாத்திரையை நிறுத்தியதும் காலைச் சர்க்கரை 12-ஐத் தாண்டியதே, மெட்ஃபார்மின் இத்தனை நாள் எந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அது காட்டிவிட்டது.

"அப்பா குண்டு இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஆட்களிடம் அந்த வாதம் நிற்காது. வெள்ளைக்காரர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25 வரை பரவாயில்லை என்றால், ஆசியர்களுக்கு 23-லேயே அபாயம் தொடங்குவதாகச் சிங்கப்பூரில் கணக்கிடுகிறார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வந்த உடல்வாகு நம்மில் அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டினால் ஈரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. கொழுப்பு இருப்பது பெரிய விஷயம் இல்லை. தழும்பு இருக்கிறதா என்பதுதான் விஷயம். கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு பெருகினால் ஈரல் இறுகிச் சுருங்கும். இதை ஏஎல்டி எண் சொல்லாது. தழும்பு முற்றிய ஈரலில் ஏஎல்டி இறங்கி 'நார்மல்' ஆகிவிடுவதும் உண்டு. இனிப்புநீர்க்காரர் ஒருவர் "என் ஈரல் எண் எப்போதும் சரியாகவே வரும்" என்று நிம்மதியாக இருப்பதும் அதனால் சரியில்லை.

தழும்பைக் கணிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது, பெயர் ஃபிப்-4. புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கையில் இருக்கும் ரிப்போர்ட்டே போதும். வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். பிறகு ஏஎல்டியின் வர்க்கமூலத்தைத் தட்டணுக்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். அப்பாவின் தட்டணுக்கள் 210 என்று எழுதியிருக்கிறீர்கள். 58-ஐ 52-ஆல் பெருக்கினால் 3,016. 78-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 8.83, அதை 210-ஆல் பெருக்கினால் 1,854. வகுத்தால் 1.63.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் கோடு 2.0. எண் 2.67-ஐத் தாண்டினால் ஈரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். அப்பா நடுவில் இருக்கிறார். நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். வயிற்றின் வலப்பக்கம் ஒரு கருவியை வைத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடம்தான். போவதற்கு முன் மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் மூச்சு விடலாம். சித்தப்பாவுடன் மெட்ஃபார்மினைப் பற்றி விவாதிப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் "ஃபிப்-4 1.63 வருகிறது, ஸ்கேன் தேவையா?" என்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். கேட்காவிட்டால் பத்து நிமிடச் சந்திப்பில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கால், கண் என்று நேரம் போய்விடும்.

இப்போது சூரணம். நீங்கள் கடைசி வரியில் எழுதியதை நான் முதலில் படித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் வாங்கியதோ, ஊரிலிருந்து பெட்டியில் வந்ததோ, 'ஈரலைச் சுத்தம் செய்யும்', 'சர்க்கரையை வேரோடு அறுக்கும்' என்று எழுதிய எந்தப் பொடியும் மருந்தேதான். மூலிகை என்றால் தீங்கில்லை என்பது நம்மிடம் ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அஸ்வகந்தா மாத்திரையாலும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையாலும் மஞ்சள் காமாலை வந்தவர்கள் உண்டு. சமையலில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. உறிஞ்சும் அளவைப் பல மடங்கு கூட்டிய மாத்திரையைச் சொல்கிறேன். சிறுகுறிஞ்சானாலும் ஈரல் அழற்சி வந்ததாக மருத்துவப் பதிவு இருக்கிறது. இவை எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது.

அதைவிடப் பெரிய கவலை, பொட்டலத்தில் எழுதாத பொருள் உள்ளே இருப்பது. சிங்கப்பூர் இதில் இரண்டு தடவை கசப்பான பாடம் படித்திருக்கிறது. 2002-ல் ஸ்லிம் 10 என்ற எடைக் குறைப்பு மாத்திரையில் நைட்ரோசோ-ஃபென்ஃப்ளூரமின் கலந்திருந்தது தெரியவந்தது. ஒரு பெண் இறந்தார்; தொலைக்காட்சி நடிகை ஒருவருக்கு ஈரல் மாற்று அறுவை செய்ய வேண்டிவந்தது. 2008-ன் முதல் ஐந்து மாதத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். இனிப்புநீரே இல்லாத 150 பேர், சர்க்கரை பயங்கரமாக இறங்கி, பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளிலும் 'மூலிகை' மருந்துகளிலும் கிளிபென்கிளமைடு, அதாவது இனிப்புநீர் மாத்திரையே, அளவில்லாமல் கலந்திருந்தது. 'சர்க்கரையை உடனே இறக்கும் மூலிகை' என்று யாராவது கொடுத்து அது உண்மையிலேயே உடனே இறங்கினால், எனக்கு அந்த 2008 நினைவுக்கு வரும். முட்டி வலிக்கு வாங்கும் சில பொடிகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்து சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்ததும் பல தடவை நடந்திருக்கிறது. அது ஸ்டீராய்டு. வலி பறந்துபோகும், சர்க்கரை கூடும்.

எனவே சூரணத்தை நிறுத்துங்கள், தூக்கிப் போடாதீர்கள். பொட்டலத்தோடு மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். தைலம், லேகியம், ஜாமு, புரோட்டீன் பவுடர், ஜோகூரில் வாங்கிய வைட்டமின், மனைவியிடமிருந்து வாங்கிப் போட்ட வலி மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். அவர் திட்டினாலும் ஈரலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பாரசிட்டமாலும் இதில் அடங்கும். ஒரு நாளைக்கு எட்டு 500 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 4 கிராம், பெரியவர்களுக்கான உச்சம். சளி மாத்திரையிலும் அதே பாரசிட்டமால் இருப்பதைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

குடியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "எப்போதாவது" என்ற சொல்லை எந்த மருத்துவரும் நம்புவதில்லை. கோப்பிக்கடையில் கிடைக்கும் பெரிய பீர் போத்தல், 633 மில்லிலிட்டர், அதில் ஏறக்குறைய 25 கிராம் மதுச்சாரம் இருக்கிறது. வாரக் கடைசியில் மூன்று போத்தல் என்றால் 75 கிராம். இந்தக் கணக்கைச் சொன்னால் மருத்துவர் முடிவெடுக்க வசதி. ஏஎஸ்டி எண் ஏஎல்டியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடியைச் சந்தேகிப்பார்கள். அப்பாவுக்கு ஏஎல்டிதான் பெரியது. அது கொழுப்பு ஈரலின் முகம்.

ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் ஒரு தடவையாவது சோதித்தாரா என்று பாருங்கள். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1987-லிருந்துதான் போடப்படுகிறது. அப்பா வயதுக்காரர்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். வருடக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் உடம்பில் இருக்கும் கிருமி அது. கொழுப்பு ஈரல் என்று முடிவு கட்டும் முன் இந்த இரண்டும் இல்லை என்று உறுதி செய்வது ஒழுங்கான வழி. காசநோய் மருந்து, சில பூஞ்சை மருந்துகள், மெத்தோட்ரெக்சேட் போன்றவையும் எண்ணை ஏற்றும். அவர் எடுக்கவில்லை என்று எழுதியிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய துப்பறியும் வேலை ஒன்று இருக்கிறது. ஹெல்த்ஹப் செயலியில் அப்பாவின் பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திறந்து, ஏஎல்டியை மட்டும் வருடம் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்து வருடமாக 55, 60, 70 என்று மெல்ல ஏறியிருந்தால் கொழுப்புதான். போன வருடம் வரை 30-ல் நின்று இப்போது திடீரென்று 78 ஆகியிருந்தால், கடைசி ஆறு மாதத்தில் வாய்க்குள் புதிதாகப் போனது எது என்று தேட வேண்டும்; மருந்தால் வரும் ஈரல் பாதிப்பு பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் தலைகாட்டும். சூரணம் மூன்று மாதம். எம்பாகிளிஃப்ளோசின் ஒரு வருடம். மெட்ஃபார்மின் ஒன்பது வருடம். வரிசை தானே பேசும்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. கண் மஞ்சளானால், சிறுநீர் கோப்பி ஓ நிறத்துக்குப் போனால், மலம் வெளுத்தால், விடாமல் வாந்தி வந்தால், வலப்பக்க மேல்வயிறு கடுமையாக வலித்தால், பேச்சு குழம்பினால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரிப்போர்ட்டில் ஏஎல்டி மூன்று மடங்கைத் தாண்டி, கூடவே பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தால் அது வேறு கதை. மருந்தால் அப்படி ஆனவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரை இழக்க நேரிடுகிறது என்பது பல வருட அனுபவக் கணக்கு. அப்போது சந்தேகப்படும் மருந்துகளை உடனே நிறுத்துவார்கள். அப்பாவின் பிலிருபின் சரியாக இருப்பதால்தான் நான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன். அதேபோல், வாந்தி பேதியால் எதுவும் உள்ளே தங்காத நாட்களில் மெட்ஃபார்மினையும் எம்பாகிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றி முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரல் கொழுப்புக்கு வைத்தியம் எடைதான். அப்பா 76 கிலோ என்றால் நான்கு கிலோ குறைந்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும். ஏழெட்டு கிலோ, அதாவது பத்து விழுக்காடு குறைந்தால் தழும்புகூட இளகலாம். சோற்றை அடியோடு விடச் சொல்லும் ஆள் நான் இல்லை, யாராலும் தொடர முடியாது. முதலில் பானத்தில் கை வையுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஒரு நாளைக்கு மூன்று என்றால், அதை விட்டாலே பாதி வேலை முடிந்தது. கோப்பி ஓ கோசோங் நல்ல மாற்று. சர்க்கரையில்லாக் கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கவனித்திருக்கின்றன. போத்தல் பானம் வாங்கினால் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், சியும் டியும் வேண்டாம். இரவு பத்து மணிப் பிராட்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

இதற்கு மேலும் எடை இறங்கவில்லை என்றால் மருந்து மாற்றம் பற்றிப் பேசலாம். வாரம் ஒரு தடவை போடும் செமாகுளுடைடு ஊசியை, ஈரல் அழற்சியோடு நடுத்தரம் முதல் முற்றிய நிலை வரை தழும்பு உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அனுமதித்தார்கள். அதன் ஆய்வில் 72 வாரத்தில் ஊசி போட்டவர்களில் 63 விழுக்காட்டினருக்கு அழற்சி அடங்கியது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 34 விழுக்காடு. இறுகிச் சுருங்கிய ஈரலுக்கு அந்த அனுமதி பொருந்தாது. விலை அதிகம், குமட்டல் வரும், பித்தப்பைக் கல்லும் வரலாம். ஆனாலும் சித்தப்பாவுக்குச் சொல்ல இது நல்ல செய்தி: இனிப்புநீர் மருந்தே இன்று ஈரல் மருந்தாகியிருக்கிறது.

மறு பரிசோதனையைச் சூரணம் நிறுத்திய நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாள் எடை தூக்குவது, நீண்ட ஓட்டம் எதுவும் வேண்டாம், குடியும் வேண்டாம். ஏஎல்டிக்காக வெறும் வயிறு தேவையில்லை, ஆனால் அதே ரத்தத்தில் சர்க்கரையும் கொலஸ்டிராலும் பார்ப்பார்கள் என்றால் அவர்கள் சொல்வதைப் பின்பற்றுங்கள். காலையில் சாப்பிடாமல் போனால் கிளிப்பிசைடை அப்போது போடக் கூடாது. ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடும்போது போடட்டும்.